சமத்துவம் ஒரு நாட்பழக்கம்

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. நல்ல பழக்கங்களைப் பற்றிப் பேசும்போது நாம் இதனை மகிழ்ச்சியோடு எடுத்துச் சொல்கிறோம். தீய பழக்கத்திற்கும் இது பொருந்தும் என்பதை மட்டும் மறந்து விடுகிறோம். மனிதரைப் பிறப்பால் மேல் என்றும் கீழ் என்றும் பிரித்துப் பார்ப்பது அத்தகைய தொட்டில் பழக்கங்களுள் ஒன்று. எந்தக் குழந்தையும் சாதியை அறிந்து பிறப்பதில்லை. "அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே", "அந்தப் பக்கம் விளையாடப் போகாதே", "அவள் எந்தத் தெருப் பிள்ளை?" என்று நாள்தோறும் காதில் விழும் சொற்களிலிருந்து அது கற்றுக் கொள்கிறது. ஒரு பாடத்தை இத்தனை முறை திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் மனத்தில் பதியாது?

இதற்கு மாற்றாக நாம் செய்வது என்ன? ஜனவரி 30 அன்று தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். தந்தை பெரியார் பிறந்த செப்டம்பர் 17 தமிழ்நாட்டில் 2021 முதல் சமூக நீதி நாளாகவும், அண்ணல் அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14, 2022 முதல் சமத்துவ நாளாகவும் அறிவிக்கப்பட்டுள்ளன. அந்நாள்களிலும் உறுதி கூறுகிறோம். இவை நல்லவையே. ஆனால் ஆண்டுக்கு மூன்று நாள் சொல்லும் உறுதிமொழி, ஆண்டு முழுவதும் கேட்ட சொல்லை வென்று விடுமா? பழக்கத்தைப் பழக்கத்தால்தான் வெல்ல முடியும். நாள்தோறும் சிறிது கற்று, நாள்தோறும் சிறிது செய்து வந்தாலன்றி இந்நோய் தீராது. அத்தகைய பழக்கங்கள் எவை, அவற்றை மாணவியராகிய நாம் எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நிறமும் சாதியும்

உலகின் பல நாடுகளில் தோலின் நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பள்ளி தனி, பேருந்தில் இடம் தனி, குடிநீர்க் குழாய் கூடத் தனி. 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி நகரில், தையல் வேலை செய்து வந்த ரோசா பார்க்ஸ் என்னும் பெண்மணி, வெள்ளையர் ஒருவருக்காகப் பேருந்தில் தம் இருக்கையை விட்டு எழ மறுத்தார். அவர் கைது செய்யப்பட்டதும் அந்நகரின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறுவதையே நிறுத்தினர். 381 நாள் இப்போராட்டம் நடந்தது. ரோசா பார்க்ஸின் ஒரு நாள் துணிவை நாம் போற்றுகிறோம். அந்த 381 நாளும் காலையில் எழுந்து வேலைக்கு நடந்தே சென்றார்களே, பெயர் அறியாத பல்லாயிரம் பெண்கள், அவர்களுடைய பழக்கத்தையும் போற்ற வேண்டாமா? அவர்கள் நடந்த நடையால்தான் சட்டம் மாறியது.

அப்போராட்டத்திற்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் 1959ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில், தீண்டத்தகாதோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குச் சென்றார். அப்பள்ளியின் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அவரை மாணவர்களுக்கு அறிமுகம் செய்தாராம். முதலில் தமக்கு அது அதிர்ச்சியாக இருந்தது என்றும், பிறகு தம் நாட்டில் தம் மக்கள் படும் பாட்டை எண்ணிப் பார்த்தபோது அச்சொல் உண்மை என உணர்ந்ததாகவும் 1965 ஜூலை 4 அன்று ஆற்றிய மறையுரையில் அவரே கூறினார். செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டினால் நம் ஊரிலிருந்து திருவனந்தபுரம் சில மணி நேரப் பயணந்தான். கடல் கடந்து வந்தவர் கண்ணுக்குத் தெரிந்த ஒற்றுமை, பக்கத்திலிருக்கும் நமக்குத் தெரியாமல் போகலாமா? அங்கே நிறம் செய்த வேலையை இங்கே பிறப்பு செய்கிறது. பெயர்தான் வேறு, நோய் ஒன்றே.

தமிழ்ப் பெண்ணொருத்தி நிறவெறியை எதிர்த்து உயிர் கொடுத்ததையும் இங்கு நினைக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில், இந்தியருக்கு எதிரான சட்டங்களை மீறிச் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, சிறையில் கண்ட காய்ச்சலால் நலிந்து, விடுதலையான சில நாள்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 16. நம்மில் பதினொன்றாம் வகுப்பில் படிப்பவர்களின் வயது அது.

நம் மண் கற்பிக்கும் நான்கு பாடங்கள்

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அதுவரை நாம் திருநெல்வேலி மாவட்டத்தினர். அந்தப் பழைய மாவட்டத்தின் எல்லைக்குள் நடந்த நான்கு நிகழ்ச்சிகளை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஒரு பந்தியின் கதை. விடுதலை வீரர் வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மகாதேவியில் நடந்து வந்தது. நாட்டுப்பற்றும் தாய்மொழிப் பற்றும் ஊட்டும் கல்வி அங்கே தரப்பட்டது. தமிழ்நாடு காங்கிரஸ் அதற்கு நிதியுதவி செய்தது. ஆனால் பிராமண மாணவர் இருவருக்கு மட்டும், பெற்றோர் விருப்பத்திற்கு இணங்கத் தனியாக உணவு பரிமாறப்பட்டது. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் இந்த வேற்றுமை கூடாது என்று பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தனர். காந்தியடிகள் வரை சென்ற அவ்வழக்கு 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகுவதில் முடிந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் விழுந்த தம் மகளைக் காப்பாற்ற முயன்று ஐயரும் உயிர் நீத்தார். அவர் கற்றவர், தியாகி. உயர்ந்த நோக்கத்தோடு கட்டிய பள்ளி, இரண்டு தனி இலைகளால் ஆட்டம் கண்டது. பெரிய கொள்கைகள் மேடையில் தோற்பதில்லை. சாப்பாட்டு வேளையில்தான் தோற்கின்றன என்பதை இதனால் அறிகிறோம்.

இரண்டாவது, ஒரு சுவரின் கதை. இது கத்தோலிக்கராகிய நம்மைச் சுடும் கதை. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்டன் என்பவர் தேவசகாயம் என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றார். மனிதரெல்லாம் சமம் என்று சொல்லி, எல்லாச் சாதியாரோடும் அவர் கலந்து பழகினார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டு வெறும் தேவசகாயம் என்றே அழைக்கப்பட்டார். அத்தகையவர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், 1872இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தில், சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்து நிற்கும்படி இரு கூடங்கள் அமைந்தன. நடுவே சுவர் நின்றது. ஒரே பீடம், ஒரே பலி, ஒரே நன்மை. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. 1910இல் இயேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் அச்சுவரை இடிக்கச் செய்தார். சுவர் வேண்டும் என்று வழக்குத் தொடுத்தவர்களும் உண்டு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்தில் சாதியின் பெயரால் தனியிடம் கேட்க உரிமையில்லை என்று தீர்ப்பாயிற்று. கல் சுவர் போய் நூறாண்டு கடந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்திலும் தேர்த்திருவிழாவிலும் திருமணப் பேச்சிலும் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் எங்கெங்கு நிற்கின்றன என்பதை ஒவ்வொரு பங்கு மக்களும் தங்கள் மனச்சான்றைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒரு கடையின் கதை. 2022 செப்டம்பரில், நம் தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலுள்ள பாஞ்சாகுளம் கிராமத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் சமூகப் பள்ளிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், இனி உங்களுக்கு எதுவும் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அந்தக் காட்சி படமாகப் பரவி நாடே பார்த்தது. வழக்குப் பதிவாயிற்று, கைது நடந்தது, கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஆறு மாத காலம் அவ்வூருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. காசைக் கையில் வைத்துக்கொண்டு, மிட்டாய் ஏன் கிடைக்கவில்லை என்று புரியாமல் நின்ற அந்தச் சிறு பிள்ளைகளை நினைத்துப் பார்ப்போம். நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26 அன்று. கடை, உணவு விடுதி, கிணறு, குளம், குளியல் துறை, சாலை ஆகிய எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று அதன் 15ஆம் பிரிவு பெயர் சொல்லியே கூறுகிறது. தீண்டாமை எந்த வடிவில் வந்தாலும் குற்றம் என்கிறது 17ஆம் பிரிவு. அவ்வாறு எழுதி 72 ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கடையில் அது நடந்தது.

நான்காவது, ஒரு வகுப்பறையின் கதை. 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவர் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர். சாதியைச் சொல்லித் தம்மைத் துன்புறுத்தியதைப் பள்ளியில் தெரிவித்திருந்தார் என்பதே அவர் மேல் அவர்கள் கொண்ட பகைக்குக் காரணம். அண்ணனைக் காப்பாற்றத் தன் கையை நீட்டிய அந்தத் தங்கை நம் வயதுப் பெண். அந்த மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, 2024இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். இந்நிகழ்ச்சிக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது. மாணவர் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடை செய்ய வேண்டும். வகுப்பில் அகர வரிசைப்படி அமர வைக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. அரிவாளைப் பற்றிய அறிக்கையில் கயிற்றையும் இருக்கையையும் பற்றி ஏன் எழுதினார்கள்? அரிவாள் ஒரே இரவில் கைக்கு வந்துவிடுவதில்லை. கயிற்றில் தொடங்கி, கேலிப் பேச்சில் வளர்ந்து, தனியாக ஒதுங்கி உட்காரும் கூட்டத்தில் முற்றிய பிறகே அது கைக்கு வருகிறது.

பந்தி, சுவர், கடை, வகுப்பறை ஆகிய இந்நான்கும் நாம் நாள்தோறும் புழங்கும் இடங்கள். எனவே நம் மருந்தையும் இவ்விடங்களிலேயே தேட வேண்டும்.

நாம் கைக்கொள்ள வேண்டிய ஏழு பழக்கங்கள்

1. மரியாதையாக அழைத்தல். நம் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர், வயலில் நடவு செய்யும் பெண்கள், துணி தேய்த்துத் தருபவர், முடி திருத்துபவர் ஆகியோரை நம் வீட்டில் எப்படி அழைக்கிறோம்? பாட்டன் வயதுள்ளவரைப் பள்ளிச் சிறுமி பெயர் சொல்லி, "வா, போ" என்று அழைப்பதை இன்னும் சில இடங்களில் கேட்கிறோம். பிறப்பைப் பார்த்து நாக்கு தானாக மாறுகிறது. இன்று முதல் நம்மிலும் மூத்தவர் எவராயினும் தாத்தா, ஆச்சி, பெரியம்மா, அண்ணாச்சி என்று உறவு சொல்லி, "வாங்க, போங்க" என்றே பேசுவோம். சாதிப் பெயரை வசைச் சொல்லாகவோ கேலியாகவோ நாவில் எடுக்க மாட்டோம். "கறுப்பி" என்று தோழியை விளையாட்டாக அழைப்பதும் இதனோடு சேர்ந்ததே. 1975 முதல் நம் நாட்டில் விற்று வந்த ஒரு பெயர் பெற்ற முகப்பூச்சு, உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2020இல் தன் பெயரிலிருந்து சிவப்பழகைக் குறிக்கும் சொல்லை நீக்கியது. ஒரு நிறுவனமே பெயரை மாற்றிக் கொண்டபின் நாம் வாயை மாற்றிக்கொள்ளக் கூடாதா?

2. சேர்ந்து அமர்ந்து உண்ணுதல். காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்டதால் பசி தீர்ந்ததோடு வேறொன்றும் தீரத் தொடங்கியது. ஆனால் 2023 செப்டம்பரில், அதே எட்டயபுரத்திற்கு அருகிலுள்ள உசிலம்பட்டியில், பட்டியல் சமூகப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணவில்லை என்ற செய்தி வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி அங்கு சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டார். நாம் செய்யக்கூடியது எளிது. வாரத்தில் இரண்டு நாளாவது, வழக்கமாக உடன் உண்ணாத ஒரு மாணவியோடு அமர்ந்து உண்போம். கொடுப்பதோடு நின்றுவிடாமல், அவள் பாத்திரத்திலிருந்தும் ஒரு கை வாங்கி உண்போம். கொடுப்பது இரக்கமாகவும் இருக்கலாம். வாங்கி உண்பதே சமத்துவம்.

3. நாளும் பத்து நிமிடம் படித்தல். அறியாமல் செய்யும் அன்பு அரைகுறையாகவே இருக்கும். அம்பேத்கர் பள்ளியில் தாம் உட்காரச் சாக்குத் துண்டை வீட்டிலிருந்து கொண்டு போனதையும், குழாயைத் திறந்துவிடப் பணியாள் வராத நாளில் தாகத்தோடு இருந்ததையும் படிப்போம். 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கிய சாவித்திரிபாய் பூலே, வழியில் தம்மேல் வீசப்பட்ட சேற்றையும் சாணத்தையும் பொறுத்து, மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்றதைப் படிப்போம். நம் அரசியல் நிர்ணய சபையில் இடம் பெற்ற பெண்கள் 15 பேர். அவர்களுள் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரே பெண், சென்னை மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தாட்சாயணி வேலாயுதன். அவர் வேதியியல் படித்தபோது சோதனைகளைத் தொலைவில் நின்று பார்த்தே கற்க நேர்ந்ததாம். அவரே பின்னாளில், தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு ஏற்கப்பட்ட 1948 நவம்பர் 29 அன்று, அச்சபையில் அதனை ஆதரித்துப் பேசினார். மேல் வகுப்பு மாணவியர் எழுத்தாளர் பாமா 1992இல் வெளியிட்ட 'கருக்கு' நூலைப் படிக்கலாம். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் மடத்திலும் சிலகாலம் வாழ்ந்த ஒரு தலித் பெண்ணின் வரலாறு அது. நமக்குக் கசப்பான பக்கங்களும் அதில் உண்டு. மருந்து கசக்கும் என்று ஒதுக்கலாமா?

4. வாரம் ஒரு கேள்வி கேட்டல். நம் வீரகேரளம்புதூரில் ஊற்றுமலை ஜமீன் அரண்மனை இருந்த பெருமையைப் பெரியவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். நன்று. அக்காலத்தில் யார் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், யார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்கள், தேநீர்க் கடையில் யாருக்குக் கண்ணாடிக் குவளை, யாருக்குச் சிரட்டை என்று நாம் கேட்டதுண்டா? வாரத்திற்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஆச்சியிடமும் தாத்தாவிடமும் கேட்போம். நம் தெருப் பெரியவரிடம் கேட்ட அதே கேள்வியை வேறு தெருப் பெரியவர் ஒருவரிடமும் கேட்போம். இரண்டு விடைகளையும் ஒரு குறிப்பேட்டில் பக்கத்திற்குப் பக்கம் எழுதுவோம். பாடநூல் கற்பிக்காத வரலாறு அந்த இரண்டு பக்கங்களுக்கு இடையே இருக்கும்.

5. அடையாளம் அணியாமை. மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம், சைக்கிளில் ஒட்டும் படம், கைபேசியில் நிலைத்தகவலாக வைக்கும் சாதிப் பாடல், பெயருக்குப் பின் சேர்க்கும் பட்டம் ஆகியவை அழகுக்காக என்று சிலர் சொல்வர். பார்ப்பவருக்கு அவை ஒரு கேள்வியையும் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்கின்றன. தம்பி, அண்ணன் கையில் அப்படிப்பட்ட கயிறு இருந்தால் அதன் பொருளை அவர்களிடம் கேட்கும் துணிவு அக்கா தங்கையருக்கு வேண்டும். சொற்களும் அடையாளமாகும். குடியிருப்புகளைக் குறிக்கும் 'காலனி' என்னும் சொல் இழிவான பொருளில் வழங்குவதால் அதனை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து அரசு நீக்கலாம். பேச்சிலிருந்து நாமே நீக்க வேண்டும்.

6. தவறு கண்ட இடத்தில் ஒரு சொல் சொல்லுதல். இதுவே எல்லாவற்றிலும் கடினமான பழக்கம். ஒருத்தியைச் சாதி சொல்லிக் கேலி செய்யும்போது சிரிப்பவர்களே அதிகம். சிரிக்காமல் இருப்பவர் சிலர். வாய் திறப்பவர் அரிது. நீண்ட சொற்பொழிவு தேவையில்லை. "அப்படிச் சொல்லாதே, அது சரியில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். அதன்பின் கேலிக்கு ஆளானவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அடி, மிரட்டல் என்று வந்தால் தாமதமின்றி ஆசிரியையிடமோ சிஸ்டரிடமோ சொல்ல வேண்டும். சொன்னவளைக் காட்டிக் கொடுக்காமல் காப்பது பெரியவர்களின் கடமை. நாங்குநேரி நமக்குக் கற்பித்த பாடங்களுள் இதுவும் ஒன்று.

7. இரவில் ஆன்ம சோதனை. உறங்கப் போகுமுன் அன்றைய நாளை ஆண்டவர் முன்னிலையில் எண்ணிப் பார்ப்பது நம் திருச்சபையின் பழைய வழக்கம். எல்லாச் சமயத்து மாணவியரும் தம் மனச்சான்றின் முன் இதனைச் செய்யலாம். அதில் இம்மூன்று வினாக்களையும் சேர்த்துக் கொள்வோம்: இன்று யாரையாவது பிறப்பையோ நிறத்தையோ பார்த்துத் தாழ்வாக எண்ணினேனா? யாரோடு புதிதாகப் பேசினேன்? பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தேனா? இதற்கு மூன்று நிமிடம் போதும். ஆனால் இந்த மூன்று நிமிடமே மற்ற ஆறு பழக்கங்களுக்கும் காவல்.

எழக்கூடிய சில ஐயங்கள்

"இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்?" என்று சிலர் கேட்பர். பாஞ்சாகுளமும் நாங்குநேரியும் முன்னோர் காலத்துக் கதைகள் அல்ல. முள் குத்தாத காலுக்குப் பாதை மெத்தென்றுதான் தோன்றும். குத்தியவரைக் கேட்டால்தான் முள் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

"அவர்களுக்குத்தான் உதவித்தொகை, இட ஒதுக்கீடு எல்லாம் இருக்கிறதே, இதுவா சமத்துவம்?" என்பது வகுப்பறையில் அடிக்கடி எழும் கேள்வி. இதனைப் பொறுமையாக எண்ண வேண்டும். ஒருத்தி பள்ளி விட்டதும் சுரண்டைக்குத் தனி வகுப்புக்குப் போகிறாள். இன்னொருத்தி பள்ளி விட்டதும் தாயோடு பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறாள். இருவருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணி நேரம். ஒரே அளவாகக் கொடுப்பது ஒரு வகை நீதி. பின்னால் நிறுத்தப்பட்டவரை ஒரே கோட்டுக்குக் கொண்டு வருவது அதனினும் ஆழமான நீதி. பல தலைமுறைகளாகப் பள்ளி வாசலே மறுக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தரும் ஏணியைச் சலுகை என்று சொல்லுவது முறையா? உதவித்தொகை பெறும் மாணவியரை வகுப்பில் எழுப்பி நிறுத்திப் பெயர் கேட்காமல், தனியே அழைத்துக் கொடுப்பதும் இந்த நீதியின் ஒரு பகுதியாகும்.

மூன்றாவது ஐயமே நம்மைப் பெரிதும் வருத்துவது. "வீட்டில் பெரியவர்கள் கூடாது என்கிறார்களே, தாய் தந்தையை மதிக்க வேண்டும் என்பதும் கட்டளை அல்லவா?" ஆம், கட்டளைதான். மதிப்பது வேறு, தவறில் பங்கு கொள்வது வேறு. எதிர்த்துக் கத்துவதால் யாரும் மாறுவதில்லை. "அம்மா, அவள் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள், நம் வீட்டுக்கு வந்தால் அவளுக்கும் நம் டம்ளரிலேயே காப்பி கொடுங்களேன்" என்று அன்போடு கேட்டால் பல அம்மாக்களின் மனம் இளகும். ஒரு முறை இளகாவிட்டால் மறுமுறை கேட்போம். பழக்கம் என்பதே திரும்பத் திரும்பச் செய்வதுதானே!

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் ஒரு தோழியை வீட்டுக்கு அழைத்து வரும்போது, "எந்த ஊர்? எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்?" என்று நீங்கள் தொடுக்கும் வினாக்களின் முடிவு எங்கே போகிறது என்பதை இரு பெண்களும் அறிவார்கள். அவ்வினாக்களுக்குப் பதிலாக, "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேளுங்கள். பள்ளி ஓராண்டில் கற்பிக்க முடியாததை அந்த ஒரு சொல் கற்பித்துவிடும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

ஒன்று: நம் வகுப்பில் யார் யாரோடு அமர்ந்து உண்கிறார்கள்? அதற்குக் காரணம் நட்பா, தெருவா?

இரண்டு: சேரன்மகாதேவிக் குருகுலத்தில் நாம் மாணவராக இருந்திருந்தால் எந்தப் பந்தியில் இருந்திருப்போம்? என்ன செய்திருப்போம்?

மூன்று: வடக்கன்குளத்துச் சுவர் விழுந்த மறு ஞாயிறு, முதன்முறையாக அடுத்த பக்கத்து முகங்களைப் பார்த்த ஒரு சிறுமி என்ன நினைத்திருப்பாள்? ஒரு பக்கம் எழுதுக.

நான்கு: ஏழு பழக்கங்களுள் நமக்கு மிகவும் கடினமானது எது? அதனையே முதலில் தொடங்கினால் என்ன?

குற்றால மலையில் பிறந்து நம் ஊர் வழியாக ஓடும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. அருவியாக விழும்போது அது யார் தலை என்று பார்த்து விழுவதில்லை. வயலில் பாயும்போது யார் நிலம் என்று கேட்டுப் பாய்வதில்லை. ஒரு நாள் பெய்த மழையால் ஆறு நிலைப்பதில்லை. நாள்தோறும் ஊறும் சுனைகளால்தான் அது ஆறாக நிற்கிறது. நம் உள்ளத்திலும் சமத்துவம் நாள்தோறும் ஊறட்டும். இன்றைய மதிய உணவு மணி அடிக்கும்போதே தொடங்குவோம்.